டூன் கொல்லர்களின் கைத்துப்பாக்கிகள்: ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரை

திங்கள், எடின்பரோ

ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இடைவாரில் செருகிக்கொண்ட கைத்துப்பாக்கியில் மரம் என்பதே கிடையாது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் குழலை இரும்பில் அடித்து, அதைத் தாங்கும் கட்டையை மரத்தில் செதுக்கிப் பொருத்திக்கொண்டிருந்த காலத்தில், இங்கே குழல், கட்டை, பிடி, வெடிமருந்து கெட்டிக்கும் கோல் ஆகிய அனைத்தும் எஃகிலோ பித்தளையிலோ செய்யப்பட்டன. தச்சனுக்கு அதில் வேலை இல்லை. முழு ஆயுதத்துக்கும் கொல்லனே பொறுப்பாளி ஆனதால், அதன் அழகும் அமைப்பும் கொல்லனின் அழகாகவும் அமைப்பாகவும் ஆயின.

எடின்பரோவில் தொடங்கி, டண்டீ, பெர்த், மியூதில் வழியாக இத்தகைய துப்பாக்கிகளுக்குப் பெயர் பெற்ற டூன் என்னும் சிற்றூரை அடைந்து ஸ்டெர்லிங்கில் முடிப்பது இந்தப் பயணத்தின் திட்டம். விஸ்கி வடிக்கும் ஆலைகளையும் ஏரிகளையும் பார்க்கப் போகிறவர்களின் பாதையும் ஏறத்தாழ இதுதான். நான் தேடி வந்திருப்பது அந்தப் பாதையோரம் ஒரு காலத்தில் எரிந்த உலைகளின் வரலாற்றை.

சேம்பர்ஸ் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இத்தகைய துப்பாக்கிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது கண் முதலில் குழலுக்குப் போவதில்லை. பிடியின் முனைக்குத்தான் போகிறது. காலத்தைச் சொல்வதும் அந்த முனையே. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் செய்யப்பட்டவற்றில் முனை மீன்வாலாக விரிந்திருக்கும். மரக்கட்டை உள்ள ஸ்காட்டிஷ் துப்பாக்கியைப் பார்க்க வேண்டுமானால் இந்த முதல் தலைமுறையில்தான் பார்க்க வேண்டும். பிறகு எலுமிச்சம்பழ வடிவில் திரண்ட முனை வந்தது. அதற்குப் பின் இதய வடிவமும், ஆட்டுக்கிடாயின் கொம்புகளாக இருபுறமும் உள்நோக்கிச் சுருளும் வடிவமும் வந்தன. கிடாக்கொம்புதான் கடைசிவரை நிலைத்து நின்றது. இன்று ஸ்காட்டிஷ் கைத்துப்பாக்கி என்றவுடன் சேகரிப்பாளர்கள் மனத்தில் தோன்றுவதும் அதுவே.

இன்னொரு செய்தி எனக்குப் புதிதாக இருந்தது. பழைய இணைகளில் இரண்டு துப்பாக்கிகளும் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. ஒன்றின் இயங்குபொறி வலப்பக்கமும் மற்றதன் பொறி இடப்பக்கமும் இருக்குமாறு, ஒன்று மற்றதன் கண்ணாடி உருவமாகவே செய்திருக்கிறார்கள். இரட்டைத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்காகக் கொல்லர் இரண்டு வெவ்வேறு பொறிகளை வடிவமைத்து, இரண்டுக்கும் தனித்தனியே அரம் போட்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்திருக்கிறது. நூறாண்டு கழித்து இந்த வழக்கம் மறைந்துவிட்டதில் வியப்பில்லை.

பொறியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். குதிரை என்பது சுத்தியலாக முன்னே அடிக்கும் உறுப்பு; அதன் வாயில் சிக்கிமுக்கிக் கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை அழுத்தியதும் குதிரை முன்னே பாய, கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி சிந்தும். அந்தத் தீப்பொறி சிறு தட்டில் வைத்த மருந்தைப் பற்றவைக்க, சுடர் குழலின் பக்கத்துளை வழியாக உள்ளே புகுந்து முதன்மை மருந்தை வெடிக்கச் செய்யும். தொடக்ககாலப் பொறியில் உரசும் தகடும் மருந்துத் தட்டின் மூடியும் வெவ்வேறு உறுப்புகள். பிற்கால ஐரோப்பியப் பொறியில் இரண்டும் ஒன்றாகி, கல் மோதும் அதே அசைவில் மூடியும் திறந்துகொள்ளும். மற்ற நாடுகள் பழைய வகையைக் கைவிட்ட பிறகும் ஸ்காட்டியர் நெடுங்காலம் அதையே செய்துவந்தார்கள்; புதிய வகைக்கு மாறிய பிறகும் தமக்கென ஓர் உறுப்பை விடாமல் வைத்துக்கொண்டார்கள். குதிரையைப் பின்னிழுத்த நிலையில் பிடித்து நிறுத்தும் தடை, பக்கவாட்டில் நகர்ந்து, பொறித்தகட்டில் உள்ள துளை வழியே மூக்கை வெளியே நீட்டிக் குதிரையைத் தாங்கும். விசை அழுத்தப்பட்டால் அந்த மூக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். எளிய அமைப்பு, தேய்ந்தால் சீர்செய்வதும் எளிது, ஊர்க் கொல்லனின் கைக்கு அடங்குவது.

மற்றவையும் இதே சிக்கனத்தில் அமைந்தவை. விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லை. விசையும் நாக்காக இல்லாமல் ஒரு சிறு உருண்டையாக இருக்கிறது. இடப்பக்கத்தில் நீண்ட எஃகுக் கொக்கி ஒன்று உண்டு. துப்பாக்கியை வாரில் மாட்டிக்கொள்வதற்கானது அது. கிடாக்கொம்பின் இரு சுருள்களுக்கு நடுவே மற்றொரு சிறு உருண்டை தெரியும். அதைத் திருகி இழுத்தால், பக்கத்துளையில் அடைத்த கரியைக் குத்தி எடுக்கும் ஊசி ஒன்று பிடிக்குள்ளிருந்து வெளியே வரும். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகக்கூடிய அந்த உருண்டைதான் இந்தத் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு.

செவ்வாய், டண்டீ

டே ஆற்றின் கழிமுகத்தைப் பாலத்தில் கடந்து ரயில் டண்டீக்குள் நுழைகிறது. டூன் என்ற பெயர் எவருக்கும் தெரிவதற்கு முன்பே துப்பாக்கிக்குப் பெயர் பெற்ற நகரம் இது. இங்கிருந்த கைவினைஞர்கள் சம்மட்டிக்காரர் சங்கத்தின் கீழ் இயங்கினார்கள். கொல்லர், பூட்டுச் செய்பவர், சேணம் செய்பவர், துப்பாக்கி செய்பவர் என்று சுத்தியல் பிடிக்கும் பலரும் அடங்கிய சங்கம் அது. ஸ்காட்லாந்தின் பெரிய நகரங்கள் பலவற்றிலும் இத்தகைய சங்கங்கள் இருந்தன. தொழில் பழகி முடித்தவர் சோதனைப் பொருள் ஒன்றைத் தம் கையால் செய்து காட்டி, மூத்தவர்கள் அதை ஏற்ற பிறகே நகரத்தில் தம் பெயரில் கடை திறக்கலாம்.

அந்தத் தலைமுறையினரின் கைவேலை எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்கு, ஜெர்மனியின் டிரெஸ்டன் அரச ஆயுதச் சேகரிப்பில் 1598 என்று ஆண்டு பொறித்த ஸ்காட்டிஷ் கைத்துப்பாக்கிகள் இருப்பதே சான்று. வேற்று நாட்டு அரசர்கள் பரிசாகப் பெற்று, சுடாமல் பாதுகாத்தவைதான் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. உள்ளூரில் பயன்பட்டவை தேய்ந்தும் பறிக்கப்பட்டும் மறைந்தன. 1651 செப்டம்பரில் ஜெனரல் மங்க் தலைமையில் வந்த ஆங்கிலப் படை டண்டீயைச் சூறையாடியது. டூனில் உலை மூட்டப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்றின் சரிவுதான் மற்றதன் எழுச்சிக்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தொழிலின் மையம் கடற்கரை நகரங்களிலிருந்து மலையடிவாரத்துக்கு நகர்ந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

புதன், பெர்த்

பால்ஹவுசி கோட்டையில் பிளாக் வாட்ச் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. கொல்லர்களைத் தேடி வந்தவனுக்குப் படைப்பிரிவில் என்ன வேலை என்று கேட்கலாம். டூனின் தொழிலை ஒரு கட்டம் வரை தாங்கியதும் அதன் பின் நலிவித்ததும் படைதான் என்பதால் இங்கே நிற்காமல் போக முடியாது.

மலைநாட்டைக் கண்காணிக்க 1725இல் அமைக்கப்பட்ட தனிக் காவல் குழுக்கள் 1739இல் ஒரே படைப்பிரிவாக்கப்பட்டன. அதுவே பிளாக் வாட்ச்; பிற்பாடு 42ஆம் படைப்பிரிவு என்று எண்ணிடப்பட்டது. துப்பாக்கியும் துப்பாக்கிமுனைக் கத்தியும் கூடைப்பிடி வாளும் அரசு கொடுத்தது. கைத்துப்பாக்கியும் குத்துவாளும் வேண்டுவோர் தாமே வாங்கிக்கொண்டு அணியலாம் என்பது தொடக்க கால ஏற்பாடு. ஒல்லியான வாரில் கோத்து இடக்கைக்குக் கீழே தொங்கவிடப்பட்ட அந்தக் கைத்துப்பாக்கி மலைநாட்டுச் சிப்பாயின் அடையாளங்களில் ஒன்றாக ஆயிற்று. இதில் ஒரு முரண் இருக்கிறது: மலைநாட்டாரின் ஆயுதங்களைப் பறிக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்த அனுப்பப்பட்ட மலைநாட்டார், பறிக்க வேண்டிய அதே ஆயுதத்தைத் தாங்களே அணிந்து சென்றார்கள்.

படை முழுவதற்கும் கைத்துப்பாக்கி தேவை என்று ஆனவுடன் வேலை டூனுக்கு வரவில்லை, தெற்கே போயிற்று. பர்மிங்காமில் ஐசக் பிசெல், லண்டனில் வாட்டர்ஸ் போன்றவர்கள் ஸ்காட்டிஷ் வடிவத்தைப் பார்த்து மொத்தமாகச் செய்து தந்தார்கள். குழலின் மீது பொறித்த ஆர்.ஹெச்.ஆர். என்ற எழுத்துகள் அரச மலைநாட்டுப் படைப்பிரிவைக் குறிக்கும். கிடாக்கொம்பு இருக்கிறது, உருண்டை விசை இருக்கிறது, கொக்கியும் இருக்கிறது. செதுக்கு வேலை மட்டும் ஏறத்தாழ இல்லை. பட்டாளத்துக்குப் பூவேலை எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரே வடிவத்தின் இரு துப்பாக்கிகளை மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் கொம்பு பிடியிலிருந்து தானாக வளர்ந்ததாகவும், மற்றதில் அளவு சொல்லிச் செய்து வாங்கியதாகவும் தோன்றுவதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

வியாழன் காலை, மியூதில்

பெர்த்திலிருந்து கிரீஃப் வந்து, அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர். பழைய தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம் இடிபாடுகளுக்கு நடுவே நிற்கிறது. 1716 ஜனவரியில், அரசுப் படை தங்குவதற்கு இடம் கிடைக்காமல் போகட்டும் என்று பின்வாங்கிய ஜேக்கபைட் படையினர் (அரியணை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்துக்காகக் கிளர்ந்தவர்கள்) இந்த ஊரைக் கொளுத்தினார்கள். ஆகவே அதற்கு முந்தைய வீடுகளை இங்கே எதிர்பார்க்க முடியாது. டூனில் முதலில் உலை மூட்டிய துப்பாக்கிக் கொல்லர் தாமஸ் கேடல் தம் தொழிலைக் கற்றது இந்த ஊரில். மழை விடாததால் கோபுரத்தைச் சுற்றிவந்து அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

வியாழன் மாலை, டூன்

டீத் ஆற்றங்கரையில், ஸ்டெர்லிங்குக்கு வடமேற்கே 13 கிலோமீட்டர் தொலைவில், ஒரு சந்தைத் தூணும் அதைச் சுற்றிச் சில தெருக்களுமாக இருக்கிறது டூன். ஊரின் சின்னத்தில் குறுக்காக வைத்த இரண்டு கைத்துப்பாக்கிகள் உண்டு. எந்த வீட்டில் எந்தக் கொல்லர் இருந்தார் என்று தேடுவதில் நான் நேரம் செலவிடவில்லை. இந்த ஊர் ஏன் என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

தெருவில் நின்று வடக்கே பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடுகிறது. மலைநாடு தொடங்கும் விளிம்பு இது. மாடுகளை ஓட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய வணிகர்கள் ஃபால்கர்க் பெருஞ்சந்தைக்குப் போகும் வழியில் இந்த வட்டாரத்தைக் கடந்தார்கள். டூனிலேயே கால்நடைச் சந்தைகள் கூடின. போகும்போது மாடு, திரும்பும்போது பணம். இரண்டுக்கும் காவல் வேண்டும். மலைநாட்டு உடையின் முன்புறம் தொங்கும் தோல்பைக்கும் இந்த ஊர் பெயர் பெற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உடைக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொள்ள மலைநாட்டார் இறங்கிவந்த கடைவீதியாகவே டூனைக் கருதலாம். அரச உரிமை பெற்ற நகரங்களில் இருந்ததைப் போன்ற வலுவான கைவினைச் சங்கத்தின் பிடியும் இங்கே இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு கொல்லர் உலை மூட்டுவதற்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தக் கொல்லரான தாமஸ் கேடல் வந்த ஆண்டை 1646 என்று குறிக்கிறது, சர் ஜான் சின்க்ளேர் 1790களில் வட்டாரம் வட்டாரமாகத் திரட்டி வெளியிட்ட ஸ்காட்லாந்துப் புள்ளிவிவரத் தொகுப்பு. டூன் அடங்கிய கில்மடாக் வட்டாரத்தைப் பற்றிய பகுதியில் இந்தத் தொழிலுக்கு ஒதுக்கியிருக்கும் பத்திகள்தான் நமக்குள்ள முதன்மையான சான்று. கல்வி கற்றவர் அல்லர், இயந்திரக் கலையைச் சொல்லித்தர அருகில் எவரும் இல்லை, ஆயினும் விடாமுயற்சியால் பிரிட்டனில் எவரும் மிஞ்ச முடியாத துப்பாக்கிகளைச் செய்தார் என்று கேடலை அது புகழ்கிறது. அவர் தம் பிள்ளைகளுக்கும் வேறு சிலருக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அப்படிப் பழகியவர்களில் ஒருவரான ஜான் கேம்பெல், தம் மகனுக்கும் பேரனுக்கும் அதைக் கடத்தினார். மர்டாக், கிறிஸ்டி, பேட்டர்சன் ஆகிய பெயர்களும் டூன் துப்பாக்கிகளில் காணக் கிடைக்கின்றன. கேடல் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை தாமஸ் என்றே பெயரிட்டுக்கொண்டே போனதால், பொறித்தகட்டில் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தும் அது எந்தத் தாமஸ் என்று முடிவு செய்வது சேகரிப்பாளர்களுக்கு ஓயாத தலைவலி.

விலையையும் அந்தத் தொகுப்பு சொல்கிறது: ஓர் இணை 4 கினி முதல் 24 கினி வரை. ஒரு கினி என்பது 1 பவுண்டும் 1 ஷில்லிங்கும். எளிய இணைக்கும் அலங்கார இணைக்கும் ஆறு மடங்கு வேறுபாடு இருந்தது என்றால், அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி வெள்ளிக்கும் செதுக்குளிக்கும் போயிருக்க வேண்டும். ஏனெனில் சுடும் உறுப்புகள் இரண்டிலும் ஒன்றுதான்.

வாங்கியவர்களின் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் பிரன்ஸ்விக் இளவரசர் ஃபெர்டினாண்ட். மற்றவர் கம்பர்லாந்து பிரபு. 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் வெளியில் மலைநாட்டுப் படையை அழித்து, அதன் பின் ஊர் ஊராக ஒடுக்கியவர் பெற்ற பட்டம் அது. மலைநாட்டாரின் கையிலிருந்து பறிக்கப்பட்ட அதே ஆயுதம், அவர் வீட்டுக்குக் கேம்பெல்லின் பட்டறையிலிருந்து விலைக்குப் போயிருக்கிறது. தொகுப்பை எழுதியவர் இதைப் பெருமையாகவே குறிப்பிடுகிறார். கேம்பெல் என்ன நினைத்திருப்பார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பெரிய இடத்து வாடிக்கையாளர் என்று மகிழ்ந்திருக்கவும் கூடும்.

வெள்ளி, டூன்

காலையில் கோட்டைக்குப் போனேன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பனி பிரபு ராபர்ட் ஸ்டூவர்ட் கட்டியது. 1746 ஜனவரியில் ஃபால்கர்க் போரில் வென்ற ஜேக்கபைட் படை, பிடிபட்ட அரசு ஆதரவாளர்களை இங்கேதான் அடைத்துவைத்தது. அவர்களுள் ஜான் விதர்ஸ்பூன் என்ற பாதிரியாரும் ஒருவர். முப்பது ஆண்டு கழித்து அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே விதர்ஸ்பூன்.

அமெரிக்காவோடு டூனுக்கு உள்ள மற்றொரு தொடர்பை இந்த ஊரைப் பற்றிப் பேசும் எல்லாருமே சொல்கிறார்கள். 1775 ஏப்ரல் 19ஆம் நாள், அமெரிக்கப் புரட்சியின் முதல் மோதல் நடந்த லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு இருந்த மேஜர் ஜான் பிட்கெய்னின் குதிரை மிரண்டு ஓடியபோது, அதன் சேணத்தோடு ஓர் இணைக் கைத்துப்பாக்கிகளும் எதிரிகள் கையில் சிக்கின என்றும், அமெரிக்கப் படையின் ஜெனரல் இஸ்ரேல் புட்னம் அவற்றைப் போர் முழுவதும் வைத்திருந்தார் என்றும் கூறுவர். அந்த இணை இன்று லெக்சிங்டன் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. ஜான் மர்டாக் செய்தது. இதிலிருந்து ஒரு படி மேலே போய், அமெரிக்கப் புரட்சியின் முதல் குண்டு டூன் துப்பாக்கியிலிருந்துதான் பாய்ந்தது என்றும் சொல்வதுண்டு. அன்று காலை முதலில் சுட்டது யார் என்பதே இன்றுவரை தீராத வழக்கு. துப்பாக்கியில் உள்ள குடும்பச் சின்னம் பிட்கெய்ன் குடும்பத்துடையதுதானா என்ற ஐயமும் ஆய்வாளர்களிடையே எழுந்திருக்கிறது. மர்டாக்கின் கைத்திறனுக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை என்பது என் கருத்து. கதையை நீக்கிவிட்டாலும் அந்த இணை அவ்வளவு நேர்த்தியானது.

மாலையில் டீத் ஆற்றுப் பாலத்தின் மீது நின்றபடி சட்டங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஜேக்கபைட் கிளர்ச்சிக்குப் பின் 1716இல் நடைமுறைக்கு வந்த ஆயுத ஒழிப்புச் சட்டம் பெரிய பயன் தரவில்லை. ஒப்படைக்கும் ஆயுதத்துக்குப் பணம் தருவதாக அறிவித்ததால், துருப்பிடித்த பழையவற்றைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு நல்லவற்றை மறைத்துவைத்தார்கள். 1725இல் ஜெனரல் வேட் வந்து கடுமையாக்கினார். கல்லோடனுக்குப் பிறகு வந்த சட்டமோ ஆயுதத்தோடு உடையையும் சேர்த்துத் தடுத்தது. 1747 ஆகஸ்டிலிருந்து மலைநாட்டு உடை அணிந்தால் முதல் முறை ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது.

தடை விதித்த அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் டூனின் உலைகள் அணைந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. படை அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும் தடை இல்லாததால், கேம்பெல்லும் மர்டாக்கும் தம் மிகச் சிறந்த இணைகளை இந்தக் காலத்தில்தான் செய்தார்கள். ஏழாண்டுப் போரின் (1756–1763) சமயத்தில் டூனின் புகழ் உச்சத்தில் இருந்தது என்று தொகுப்பும் சொல்கிறது. தடை நீங்கி, எவரும் அணியலாம் என்று ஆன பிறகே தொழில் சரிந்தது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியின் மலிவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரு தலைமுறை முழுதும் அணியாமலே வளர்ந்தவர்களுக்குக் கைத்துப்பாக்கி உடையின் உறுப்பாகத் தோன்றவில்லை. வாங்குபவர்கள் மலையிலிருந்து இறங்கிவருவது நின்றபோது பிரபுக்களால் மட்டும் ஒரு பட்டறையை நடத்திவிட முடியவில்லை. மர்டாக் தொழிலை விட்டால் அதோடு இது முடிந்துபோகும் என்று அந்தத் தொகுப்பு முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது, அவ்வாறே நடந்தது.

சனி, ஸ்டெர்லிங்

ஸ்மித் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் உலகின் மிகப் பழைய கால்பந்தைப் பார்க்கப் போகிறார்கள். ஸ்டெர்லிங் கோட்டையின் மேற்கூரையிடையே கிடைத்த, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பந்து அது. நான் போனது டூன் துப்பாக்கிகளுக்காக. செய்முறையைப் பற்றி இத்தனை நாளும் எழுதாமல் வைத்திருந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

குழல் என்பது துளையிட்ட தடி அன்று. நீண்ட இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் காய்ச்சிய சூட்டிலேயே அடித்து ஒட்டவைப்பார்கள். பிறகு உட்புறத்தைக் கடைந்து நேராக்கி, வெளிப்புறத்தை அரத்தால் இழைப்பார்கள். மருந்து வெடிக்கும் பின்பகுதியில் நீளவாக்கில் வரிப்பள்ளங்களும், வாய்ப்பகுதியில் எட்டுப்பட்டையாகச் சற்றே விரியும் வடிவமும் அரத்தாலேயே எடுக்கப்படுகின்றன. கட்டைதான் கடினமான பகுதி. திட இரும்பில் செய்தால் தூக்க முடியாது. ஆகவே தகட்டை இரண்டு ஓடுகளாகத் தட்டி, எதிரெதிரே பொருத்தி, பித்தளை உருக்கிப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். நகைப் பட்டறையில் உள்ளீடற்ற காப்பு செய்யும் முறை இதுவே. பற்றவைத்த தடம் வெளியே தெரியாமல் இழைத்து, அதன் மேல் செதுக்கு வேலையைத் தொடங்குவார்கள். நல்ல துப்பாக்கியில் அந்த இணைப்பை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பது எளிதல்ல.

செதுக்கு வேலையில் கொடிச்சுருள்களும் கதிர்களும் பூவிதழ்களும் நிறைந்திருக்கும். ஆழமாகச் செதுக்கிய வரியில் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்குவது ஒரு முறை. பிடியின் பக்கத்தில் நீள்வட்ட வெள்ளித் தகட்டைப் பதித்து, உரிமையாளரின் பெயருக்கும் குடும்பச் சின்னத்துக்கும் இடம் விடுவது மற்றொன்று. இன்று பளபளவென்று வெள்ளையாக நாம் பார்க்கும் துப்பாக்கிகளில் பல, தொடக்கத்தில் நீலச்சாயல் ஏற்றப்பட்டவை. நீலத்தின் மேல் வெள்ளி எடுத்துக்காட்டும் அந்த நிறப்பொருத்தத்தைப் பின்வந்தவர்கள் தேய்த்துத் துலக்கியே இழந்துவிட்டார்கள். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று எண்ணி அவர்கள் அழித்தது கொஞ்சமல்ல.

என் விருப்பத்தைக் கேட்டால், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேடல் பட்டறையிலிருந்து வந்த, வெள்ளி குறைவாக உள்ள துப்பாக்கிகளையே சொல்வேன். அவற்றில் செதுக்கு வேலை உறுப்பின் வடிவத்தைப் பின்தொடர்ந்து போகிறது. நூறாண்டு கழித்து வந்த மர்டாக்கின் வேலை அதைவிடத் துல்லியமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் கண் வடிவத்தை விட்டுவிட்டுப் பூவேலையில் சிக்கிக்கொள்கிறது. டூனில் தொழில் பழகிய ஒருவர் செய்த அலங்கார இணையை கிளாஸ்கோ நகரம் மார்க்கி த பூயே என்ற பிரெஞ்சுத் தளபதிக்குப் பரிசளித்தது. அந்தக் கட்டத்தில் இது சுடும் கருவி என்பதைவிடக் கொடுக்கும் பொருளாகவே ஆகிவிட்டது.

பிறகு இரண்டு நிகழ்ச்சிகள். சிக்கிமுக்கியின் காலத்தை முடித்துவைத்தவரும் ஒரு ஸ்காட்டியரே: அபர்டீன்ஷயரின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத், அடித்தால் தானே வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். மருந்துத் தட்டில் எழும் சுடரைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்ற வேட்டைக்காரரின் எரிச்சல்தான் அதற்குத் தூண்டுதல். அடுத்தது, 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தது. எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட் அமைத்த அந்த விழாவுக்காக மன்னருக்குத் தைத்த மலைநாட்டு உடைக்கும் அணிகளுக்கும் ஆன செலவு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். கைத்துப்பாக்கி இணையும் அதில் அடக்கம். மன்னரே அணிந்த பிறகு கனவான்கள் எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. டூனில் செய்ய எவரும் இல்லாததால் நகரத்து வணிகர்கள் செய்வித்துக் கொடுத்தார்கள்.

விக்டோரியா காலத்து அந்த அலங்காரத் துப்பாக்கிகள் ஏலக்கடைகளிலும் சிற்றூர் அருங்காட்சியகங்களிலும் பழைய டூன் துப்பாக்கிகளோடு கலந்தே கிடக்கின்றன. பிரித்தறிய விரும்புபவர் முதலில் பொறித்தகட்டைப் பார்க்கட்டும்: சிக்கிமுக்கிப் பொறி இருந்து, தடையின் மூக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையது. அடுத்ததாக, கொம்புகளுக்கு நடுவே உள்ள உருண்டையின் திருகு மரையைப் பார்க்க வேண்டும். கரியைக் குத்தி எடுக்க மீண்டும் மீண்டும் கழற்றி மாட்டியிருந்தால் மரை தேய்ந்திருக்கும்; உடைக்கு அணியாக மட்டும் வாங்கியதில் மரை கூர்மை குறையாமல் இருக்கும்.